இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் எடுக்க ஒன்றரை லட்சத்துக்குள் என்ன கேமரா வாங்கலாம்?

ஒரகடம் ஏ ஷிஃப்ட் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை, ஜாகை ஸ்ரீபெரும்புதூர். ரேஸ் ட்ராக் பக்கத்திலேயே இருப்பதால் லீவு நாளில் ரேஸ் இருந்தால் கிளம்பிவிடுவேன். இதுவரை ஃபோனில்தான் எடுத்தேன். கார் புள்ளி மாதிரி விழுகிறது, ஜூம் செய்தால் பிசிறடிக்கிறது. இந்த சீசனில் நல்லதாக ஒரு கேமரா வாங்கிவிடலாம் என்று பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒன்றரை லட்சம் வரை போகலாம், அதற்கு மேல் முடியாது.

ரேஸ்தான் முக்கியம். மற்றபடி அக்கா குழந்தை, ஊரில் தேர்த் திருவிழா, டிசம்பர் ஜனவரியில் வேடந்தாங்கல் பறவைகள், இவ்வளவும் எடுப்பேன். ஒரு கடையில் கேட்டேன், "ஃபுல் ஃப்ரேம் வாங்குங்க சார், அதுதான் ப்ரொஃபஷனல்" என்று 24-105 லென்ஸோடு ஒரு செட்டைக் காட்டினார்கள். ரூம்மேட் சோனி ஏ6400 என்கிறான். யூட்யூபில் பார்த்தால் நொடிக்கு 30 படம், 40 படம் என்று தலை சுற்றுகிறது. வேகமாக எடுக்கும் கேமராதான் ரேஸுக்கு வேண்டுமா? லென்ஸ் எத்தனை மி.மீ. தேவைப்படும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சோழவரத்துக்காரர் பதில்:

தம்பி, மாடல் பெயருக்கு அப்புறம் வருவோம். எங்கே நின்று எடுக்கப் போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. டிக்கெட் எடுத்து கேலரியில் உட்காருபவருக்கும் மீடியா பாஸோடு உள்ளே நிற்பவருக்கும் ஒரே லென்ஸ் ஒத்துவராது. உங்களுக்கு இப்போதைக்குக் கேலரிதான். அங்கிருந்து ட்ராக்குக்கு நடுவில் புல், மண், டயர் தடுப்பு, கம்பி வேலி என்று நிறைய இடம் விட்டிருப்பார்கள். பாதுகாப்புக்காக விட்ட இடம், அது குறையவே குறையாது. நான் சின்ன வயதில் அப்பாவோடு சோழவரம் போனவன். பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலம் அது. லென்ஸில் மி.மீ. எண் கூடக் கூடத் தூரத்துக் கார் பெரிதாக விழும்; அங்கே 135 மி.மீ. லென்ஸ் வைத்திருந்தவர்கூட ஃப்ரேம் நிறைய கார் எடுத்தார், ஜனங்கள் அவ்வளவு கிட்டத்தில் நிற்பார்கள். 1990ல் ரேஸ் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்த பிறகு அந்தக் கதை முடிந்தது. இன்றைக்குக் கேலரியில் 300 மி.மீ. என்பது குறைந்தபட்சம், 400 இருந்தால் நிம்மதி.

அதனால் கடையில் காட்டிய செட்டை விட்டுவிடுங்கள். ஃபுல் ஃப்ரேம், அதாவது படம் பதியும் சென்சார் பெரிதாக உள்ள கேமரா, நல்ல சாதனம்தான், ஆனால் 24-105 லென்ஸ் மாட்டி கேலரியில் உட்கார்ந்தால் ஃபோனில் விழுந்த அதே புள்ளி கொஞ்சம் தெளிவாக விழும், அவ்வளவே. உங்களுக்கு அதைவிடச் சின்னதான ஏபிஎஸ்-சி சென்சார்தான் பொருத்தம். அதில் அதே லென்ஸ் காரை இன்னும் கிட்டே காட்டும்: கேனானில் 1.6 மடங்கு, நிக்கான், சோனி, ஃபுஜியில் 1.5 மடங்கு. அதாவது கேனான் ஏபிஎஸ்-சியில் 400 மி.மீ. மாட்டினால் ஃபுல் ஃப்ரேமில் 640 மாட்டிய அளவுக்குக் கார் கிட்டே வரும். அதே 640க்கு ஃபுல் ஃப்ரேமில் லென்ஸ் வாங்கப் போனால் பெரும்பாலும் விலையும் எடையும் உங்கள் கையை மீறிவிடும்.

சரி, இப்போது மாடல். உங்கள் பட்ஜெட்டுக்கு நான் சொல்வது கேனான் ஆர்10 பாடியும் ஆர்எஃப் 100-400 லென்ஸும். இரண்டும் புதிதாகவே ஒன்றரை லட்சத்தை ஒட்டி வந்துவிடும். விலை மாதத்துக்கு மாதம் மாறும், நாலு கடையில் கேளுங்கள். ஆர்10ல் ஃபோகஸுக்கு வாகனம் என்றே தனித் தேர்வு இருக்கிறது. கார், பைக்கை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும், ஓட்டுபவர் ஹெல்மெட் தெரிந்தால் அதன் மேலேயே போய் நிற்கும். ஃபார்முலா எல்ஜிபி மாதிரி திறந்த காரில் ஹெல்மெட்தான் படத்தின் உயிர். காரின் மூக்கு ஷார்ப்பாக இருந்து ஹெல்மெட் மங்கினால் அந்தப் படத்தை யாரும் இரண்டாம் தடவை பார்க்க மாட்டார்கள். ஏ6400ம் ஃபோகஸில் கெட்டிக்காரக் கேமராதான், ஆனால் அதில் வாகனத்துக்குத் தனித் தேர்வு கிடையாது. அதற்கு ஏற்ற 70-350 லென்ஸ் அருமையானது, இரண்டும் புதிதாக வாங்கினால் பட்ஜெட்டை இடிக்கும்.

அந்த 100-400 லென்ஸைப் பற்றி ஒரு குறை சொல்வார்கள்: 400ல் எஃப் 8 தானே, இருட்டு லென்ஸ் என்று. எஃப் எண் கூடினால் லென்ஸ் துளை சிறிதாகி வெளிச்சம் குறையும். சென்னை வெயிலில் ரேஸ் எடுப்பவனுக்கு அது குறையே இல்லை. ஏன் என்று சொல்கிறேன், ரேஸ் படத்தின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது.

மணிக்கு 144 கி.மீ. வேகத்தில் போகும் கார் நொடிக்கு 40 மீட்டர் போகிறது. நீங்கள் ஷட்டரை 1/1000 நொடியில் வைத்துச் சுட்டால் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் கார் 4 செ.மீ. நகரும், சக்கரம் எட்டு டிகிரிதான் திரும்பும். படத்தில் ஆரக்கால் எல்லாம் எண்ணுகிற மாதிரி நிற்கும், கார் பார்க்கிங்கில் நிறுத்தியது போலவே இருக்கும். 1/125ல் சுட்டால் அதே சக்கரம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுற்றும். காரோடு சேர்த்து லென்ஸைத் திருப்பினால் கார் தெளிவாக நின்று, பின்னால் உள்ள வேலி, போர்டு, கூட்டம் எல்லாம் கோடு கோடாக இழுபடும். பேனிங் என்பது அதுதான். வேகம் கண்ணுக்குத் தெரிவது அதில்தான்.

நல்ல வெயிலில் ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவை) 100ல் வைத்தால் எஃப் 16க்கு ஷட்டர் சுமார் 1/100 வரும். அப்படியானால் எஃப் 2.8 லென்ஸ் வாங்கி என்ன செய்யப் போகிறோம்? பகல் பேனிங்கில் வெளிச்சம் போதாது என்ற பேச்சே இல்லை, அதிகம் என்பதுதான் தொல்லை. எஃப் 16, எஃப் 22 என்று மூடினால் சென்சாரில் ஒட்டிய தூசி எல்லாம் வானத்தில் கறுப்புப் பொட்டாகத் தெரியும். அதைவிட மோசம், உங்களுக்கு முன்னால் இருக்கும் கம்பி வேலி படத்தில் சாம்பல் கட்டமாக விழுந்துவிடும். எஃப் 8லேயே வைத்துக்கொண்டு லென்ஸ் முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி4 ஃபில்டர் ஒன்று போட்டால் ஷட்டர் 1/100க்கு இறங்கும், என்டி8 போட்டால் 1/50. வேலியும் கரைந்து காணாமல் போகும். அந்த லென்ஸுக்கு 67 மி.மீ. அளவு ஃபில்டர் வாங்க வேண்டும். கேமரா வாங்கும் அன்றைக்கே இதையும் வாங்கிவிடுங்கள். நம் ஊரில் ரேஸ் எடுக்கும் பலர் இதைத் தள்ளிப் போட்டுவிட்டு லென்ஸை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், எனக்குப் பார்க்கப் பொறுக்காது.

நொடிக்கு எத்தனை படம் என்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஆர்10 மெக்கானிக்கல் ஷட்டரில் 15 தரும், தாராளம். எலக்ட்ரானிக் ஷட்டரில் 23 தரும், ஆனால் ரேஸில் அதைத் தொடாதீர்கள். அந்த சென்சார் மேலிருந்து கீழே வரிவரியாகப் படிக்கும். படித்து முடிப்பதற்குள் நீங்கள் லென்ஸைத் திருப்பிவிடுவதால் பின்னால் உள்ள கம்பம் எல்லாம் சாய்ந்துவிடும். மேடையிலோ வீட்டிலோ சத்தம் இல்லாமல் எடுக்க வேண்டும் என்றால் எலக்ட்ரானிக் போடுங்கள்.

கோவை 2.1 பதில்:

சோழவரத்துக்காரர் அண்ணன் சொன்ன கணக்கு அத்தனையும் சரிங்க. கேமராவில் மட்டும் எனக்கு வேறு கருத்து. நான் செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயில் பைக் ரேஸ்தான் அதிகம் எடுப்பேன். செகண்ட் ஹாண்டில் நிக்கான் டி500ம் 200-500 எஃப் 5.6 லென்ஸும் தேடிப் பாருங்க. 2016ல் வந்த கேமரா, உற்பத்தி நின்றுவிட்டது, ஆனாலும் ஃபோகஸ் இன்றைக்கும் பிடித்தால் விடாது. 153 ஃபோகஸ் புள்ளி, நொடிக்கு 10 படம். மழை தூறினாலும் பாடிக்குப் பயம் இல்லை.

முக்கியமான விஷயம் வியூஃபைண்டர், அதாவது கண் வைத்துப் பார்க்கும் துளை. டி500ல் கண்ணாடி வழியாக நிஜ பைக்கையே பார்க்கிறோம். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் பார்ப்பது திரைதான்; விலை குறைந்ததில் தொடர்ச்சியாகச் சுடும்போது திரையில் வருவது சற்று முன் எடுத்த படம். அதைப் பார்த்து லென்ஸைத் திருப்பினால் நாம் எப்போதும் ஒரு எட்டு பின்னாலேயே இருப்போம். படத்தை மிக வேகமாகப் படிக்கும் ஸ்டேக்டு சென்சார் உள்ள சோனி ஏ9 மாதிரி கேமராவில் இந்தப் பிரச்சினை இல்லை, விலை உங்களுக்கே தெரியும்.

எடையை மறைக்க விரும்பவில்லை. 200-500 லென்ஸ் மட்டும் 2.3 கிலோ. மோனோபாட் (ஒற்றைக்கால் ஸ்டாண்டு) இல்லாமல் நாள் முழுக்கத் தாங்காது. கரி ட்ராக் சின்னது, சுற்று 2.1 கி.மீ. தான், ஆட்களும் கிட்டத்தில் நிற்கலாம், அதனால் நான் 300லேயே பாதி வேலையை முடித்துவிடுவேன். உங்கள் ட்ராக் 3.7 கி.மீ., பரந்த இடம். 500 மி.மீ. வீணாகப் போகாது. வேடந்தாங்கலுக்கும் அது பொன்னான லென்ஸ்.

ஒரகடம் ஏ ஷிஃப்ட் பதில்:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. 1/125 கணக்கைப் படித்த பிறகுதான் என் ஃபோன் வீடியோவில் கார் ஏன் உயிரில்லாமல் இருந்தது என்று புரிந்தது. இன்னும் இரண்டு சந்தேகம். வியூஃபைண்டரில் பழைய படம் தெரிந்தால் ஆர்10ல் பேனிங் செய்வது கஷ்டமா? தேர் கிளம்புவது ராத்திரியில், அங்கே எஃப் 8 லென்ஸ் என்ன செய்யும்? அப்புறம், 2024ல் தீவுத்திடலைச் சுற்றி நடந்ததே இரவு ரேஸ், அந்த மாதிரி திரும்ப நடந்தால் இந்த செட் தாங்குமா?

சோழவரத்துக்காரர் பதில்:

கோவைத் தம்பி சொன்னது உண்மை, டி500 நல்ல கேமரா. யாராவது பத்திரமாக வைத்திருந்த பாடி கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்களுக்கு இது முதல் கேமரா. அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டே எடுக்க வேண்டும், பஸ்ஸில் ஊருக்குக் கொண்டு போக வேண்டும். 100-400 லென்ஸ் 635 கிராம்தான். தோளில் மாட்டினால் மறந்துபோகும். கனமான செட் வாங்கியவர்கள் பலர் ரேஸுக்கு மட்டும் எடுத்துப் போய்விட்டு மற்ற நாளில் அலமாரியில் பூட்டி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். கை பழகுவது மற்ற நாளில்தான்.

வியூஃபைண்டர் விஷயத்துக்கு வழி இருக்கிறது. நீளமாகச் சுடாதீர்கள். கார் நேர் எதிரே வரும் அந்தக் கணத்துக்கு மூன்று நான்கு படம், அவ்வளவுதான். திரையில் தாமதம் தெரிவதற்குள் வேலை முடிந்துவிடும்.

உடம்பை எப்படி வைப்பது என்பதை விவரமாகச் சொல்கிறேன், இதை யாரும் யூட்யூபில் நிதானமாகக் காட்டுவதில்லை. எந்த இடத்தில் படம் வேண்டுமோ அந்த இடத்தைப் பார்த்து இரண்டு பாதத்தையும் ஊன்றுங்கள். பாதம் அப்படியே இருக்க, இடுப்பை மட்டும் கார் வரும் பக்கம் திருப்புங்கள். இடது கை லென்ஸுக்கு அடியில், முழங்கை விலாவோடு ஒட்டி இருக்க வேண்டும். கார் தூரத்தில் தெரிந்ததுமே ஃபோகஸ் பொத்தானை அழுத்தி, ஹெல்மெட்டைக் கட்டத்துக்குள் வைத்துக்கொண்டு கூடவே திரும்பி வாருங்கள். இடுப்பின் முறுக்கு அவிழ்ந்துகொண்டே வரும். முறுக்கு முழுக்க அவிழ்ந்து உடம்பு நேராகும் இடத்தில்தான் நீங்கள் பாதம் ஊன்றிய இடம் இருக்கும், அங்கே கை நடுக்கம் மிகக் குறைவு. அங்கே சுடுங்கள். சுட்ட பிறகும் நிற்காமல் கார் போகும் பக்கம் தொடர்ந்து திரும்புங்கள். சுட்டதும் கையை நிறுத்துபவர்களுக்குக் கடைசிப் படம் எப்போதும் கலங்கியே இருக்கும். லென்ஸில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஐஎஸ் வசதியில் பேனிங்குக்குத் தனி மோடு இருந்தால், கேனானில் அதை மோடு 2 என்பார்கள், அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு ரேஸ் நாளே தேவையில்லை. உங்கள் ஊரில் பெங்களூர் ஹைவே போகிறது. சர்வீஸ் ரோட்டுக்கு உள்பக்கம் பத்திரமான இடத்தில் நின்று காலையில் பஸ், லாரி எடுங்கள். 1/250ல் தொடங்குங்கள். பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர் படிக்க வருகிறதா என்று பாருங்கள். வந்தால் 1/160, பிறகு 1/125. ரேஸ் அன்றும் முதலில் 1/250ல் நாலு நல்ல படம் சேர்த்துக்கொண்டு, அப்புறம் மெதுவாக இறங்குங்கள்.

தேருக்கு இந்த லென்ஸ் உதவாது. அதற்கு ஆர்எஃப் 50 எஃப் 1.8 என்று சின்ன லென்ஸ் இருக்கிறது, கேனான் லென்ஸ்களில் விலை குறைந்தவற்றில் ஒன்று, 160 கிராம். ஏபிஎஸ்-சியில் 80 மி.மீ. மாதிரி வேலை செய்யும். குழந்தை முகத்துக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது. தேர் முழுக்க ஃப்ரேமில் வராது, ஆனால் தீவட்டி வெளிச்சத்தில் வடம் பிடிக்கும் முகங்கள் வரும். அடுத்த போனஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தீவுத்திடல் இரவு ரேஸுக்கு நேர்மையான பதில்: தாங்காது. விளக்கு போட்டிருந்தாலும் அங்கே 70-200 எஃப் 2.8ம் ஐஎஸ்ஓ 3200, 6400ம் தான் பேசும். வருடத்தில் ஒரு ராத்திரிக்காக அதில் பணத்தைக் கொட்ட வேண்டாம், அந்த வார இறுதிக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள். கேனானின் பழைய இஎஃப் வகை லென்ஸ் கிடைத்தாலும் அடாப்டர் போட்டு ஆர்10ல் மாட்டலாம்.

இன்னொன்று விட்டுப்போயிற்று. பதினொரு மணிக்கு மேல் மூன்று மணி வரை தார் மேல் கானல் எழும்பும். நேர்ப்பாதையின் கடைசியிலிருந்து எதிரே வரும் காரை 400ல் எடுத்தால் கார் தண்ணீருக்குள் இருப்பது மாதிரி நெளியும். அதை எந்த விலை லென்ஸும் சரி செய்யாது. எதிரே வரும் படங்களைக் காலை ப்ராக்டிஸ், குவாலிஃபையிங் நேரத்தில் 1/1000ல் முடித்துவிடுங்கள். உச்சி வெயிலில் பக்கத்தில் போகும் கார்களைப் பேனிங் செய்யுங்கள்.

மஞ்சள் கொடி பதில்:

நான் ட்ராக் ஓரம் கொடி காட்டிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மார்ஷலாகப் போகிறவன், படம் எடுப்பவன் இல்லை. கேமராவோடு வருகிறவர்களை வருடக்கணக்காகப் பார்ப்பதால் சிலது சொல்கிறேன். கிட்டத்தில் நின்று எடுக்கலாம் என்ற ஆசையில் சிலர் மார்ஷலாகப் பெயர் கொடுக்கிறார்கள். டியூட்டியில் இருக்கும்போது படம் எடுக்கக் கூடாது, ஃபோனில்கூட. கண் ட்ராக்கில் இருக்க வேண்டும். ரேஸ் நடப்பதை உள்ளிருந்து புரிந்துகொள்ள ஆசை இருந்தால் வாருங்கள், மனதார வரவேற்கிறோம். எந்த வளைவில் யார் பிரேக் பிடிக்கத் தவறுவார்கள், எங்கே முந்துவார்கள் என்று தெரிந்துவிடும். அது பிறகு படம் எடுக்கும்போது உங்களுக்கு உதவும்.

மீடியா பாஸுக்கு ரேஸ் அன்று காலை கேட்டில் வந்து நின்று கெஞ்சினால் கிடைக்காது. முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், எங்கே வெளியிடப் போகிறீர்கள் என்று காட்ட வேண்டும். கேலரியில் எடுத்த படங்களையே ஒழுங்காகத் தொகுத்து வையுங்கள், ரேஸர்களுக்கு அனுப்புங்கள். ஸ்பான்சர் இல்லாமல் சொந்தக் காசில் ஓட்டும் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கு ஒரு நல்ல படம் பெரிய உதவி. டீம்காரர்கள் கேட்டு எழுதினால் பாஸ் கிடைப்பதும் சுலபம்.

உள்ளே வந்துவிட்டால் ஒன்றே ஒன்று. வளைவின் வெளிப்பக்கம் ட்ராக்குக்கு முதுகு காட்டித் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். கார் வழுக்கினால் வருவது அங்கேதான். நாங்கள் விசில் ஊதினால் கேமராவை விட்டுவிட்டு நகருங்கள்.

ஒரகடம் ஏ ஷிஃப்ட் பதில்:

முடிவு செய்துவிட்டேன். ஆர்10, 100-400, கூடவே 67 மி.மீ. என்டி4, என்டி8 இரண்டும். கடையில் பாடி புதிதாக இருக்கிறது. லென்ஸ் மட்டும் ஒருவர் பயன்படுத்தியதைக் குறைத்துத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? மெமரி கார்டு எது?

சோழவரத்துக்காரர் பதில்:

வாங்கலாம், பார்த்து வாங்குங்கள். இருட்டு அறையில் ஃபோன் டார்ச்சை லென்ஸின் ஒரு முனையிலிருந்து அடித்து மறுமுனையில் சாய்வாகப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசி இருந்தால் பரவாயில்லை. நூல் நூலாகவோ வலை மாதிரியோ தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். ஜூம் வளையத்தை 100லிருந்து 400 வரை நாலு தடவை திருப்பிப் பாருங்கள், நடுவில் சிக்கக் கூடாது. உங்கள் பாடியில் மாட்டி, 400ல் தூரத்துப் போர்டு ஒன்றை ஐஎஸ் போட்டும் போடாமலும் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கார்டு வேகமாக எழுதும் யுஎச்எஸ்-2 வகையில் வி60 என்று போட்டது ஒன்று வாங்குங்கள். ஆர்10ல் கார்டுக்கு ஒரே துளைதான், அதனால் பெயர் தெரியாத கம்பெனி கார்டு வேண்டாம். கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் ரா ஃபைலில் சுருக்கிய ரா என்று ஒரு தேர்வு வரும், ரேஸுக்கு அதை வையுங்கள். கேமரா சீக்கிரம் திணறாது.

சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். பீரோவில் துணிக்கு நடுவில் வைக்காதீர்கள். ரப்பர் விளிம்பு வைத்து இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் சூடு காட்டித் திரும்பப் போடலாம். முதல் ரேஸ் எடுத்ததும் நாலு படம் இங்கே போடுங்கள், ஷட்டர் எவ்வளவு வைத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.